மேசை விரிப்பில் ஒரு சாயப்பட்டறை

ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கரைத்தால் தண்ணீர் சிவந்துவிடும் என்பது தெரியாத தமிழ் வீடு இருக்காது. அதே வீட்டில் வெள்ளை மேசை விரிப்பில் சாம்பார் சிந்தி, அவசர அவசரமாகச் சோப்பைப் போட்டுத் தேய்த்து, மஞ்சள் கறை கண்ணெதிரே செங்கல் நிறத்துக்கு மாறினால் எல்லோரும் பதறிப்போகிறார்கள். சோப்பு மட்டரகம் என்று ஒருவர் சொல்வார். மஞ்சள்தூளில் ஏதோ கலப்படம் என்பார் இன்னொருவர். தட்டில் நடந்ததுதான் துணியிலும் நடந்திருக்கிறது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்ற வேதிப்பொருள். 100 கிராம் மஞ்சள்தூளில் பெரும்பாலும் 2 முதல் 5 கிராம் வரை இருக்கும். 1815இல் வோகல், பெல்லெத்தியே என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதன் மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்று புரிந்தது 1910இல்தான். வெயிலில் உள்ள நீல ஒளியைக் குர்குமின் விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. காரம் பட்டதும் அந்த மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் அயனி ஒன்று கழன்றுகொள்ளும், எலக்ட்ரான்கள் பரவிக் கிடக்கும் விதம் மாறும், விழுங்குகிற ஒளியும் மாறும். பிஎச் அளவு 7.4 வரை மஞ்சள், 8.6ஐத் தாண்டினால் சிவப்பு. துணி சோப்பு கரைந்த தண்ணீர் சாதாரணமாகவே 9, 10 என்று இருக்கும். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் பழைய மஞ்சள் திரும்பிவிடும். கறை அங்கேயேதான் இருக்கிறது. நிறம் மட்டும் போய் வருகிறது.

இந்தக் கறைக்கு நம் ஊரில் காசில்லாமல் கிடைக்கும் மருந்து வெயில். குர்குமின் மூலக்கூறு ஒளி தாங்காது. துவைத்த துணியை ஈரம் காயுமுன் நேர் வெயிலில், கறை படிந்த பக்கம் மேலே தெரிய விரித்தால், குர்குமினின் நீண்ட நடுச் சங்கிலி துண்டு துண்டாகிறது. உடைந்த துண்டுகளுக்கு நிறம் கிடையாது. அவற்றில் ஒன்று வனிலின், ஐஸ்கிரீமுக்கு வாசனை தரும் அதே பொருள். கறையில் இருப்பது மிகச் சொற்பம் என்பதால் துணி மணக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம். மாடிக் கொடியில் ஒரு முழு மதியம் கிடந்தால் போகிற கறைக்காக, வீட்டுக்குள் மின்விசிறியின் கீழ் காயப்போட்டுவிட்டு, விலை உயர்ந்த கறைநீக்கித் திரவம் வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கிருந்து 60, 70 கிலோமீட்டர் தள்ளி கரூர். ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளின் சாப்பாட்டு மேசைக்கு விரிப்பும் நாப்கினும் அடுப்படித் துணியும் நெய்து அனுப்புகிற ஊர். மஞ்சளும் மேசை விரிப்பும் பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சரக்கு. துணியில் கறை எடுப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் சமையலறையில் தொடங்கிச் சலவைத்தொட்டியில் முடிப்பார்கள். சாயப்பட்டறையில் தொடங்கவேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால், மேசை விரிப்பில் விழுகிற கறைகளில் பெரும்பாலானவை நாம் கேட்காமலே நடந்த சாயமேற்றல்.

சாயப்பட்டறைக்காரர் என்ன செய்கிறார்? துணியை முதலில் நன்றாக நனைக்கிறார். பருத்தி என்பது பெரும்பாலும் செல்லுலோஸ். அதன் நீண்ட சங்கிலிகள் நெடுக ஹைட்ராக்சில் குழுக்கள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைய, இழை உப்பி இடைவெளிகள் திறக்கின்றன. சாய மூலக்கூறு நீளமாகவும் தட்டையாகவும் இருந்தால் அந்த இடைவெளிக்குள் வாகாகச் சொருகிக்கொள்ளும். குர்குமின் அப்படிப்பட்டது. அதனால்தான் மஞ்சள் நீரில் முக்கிய வேட்டிக்கு வேறு எதுவும் சேர்க்காமலே நிறம் ஏறுகிறது. அடுத்ததாகப் பட்டறைக்காரர் தொட்டியைச் சூடாக்குகிறார். சூட்டில் சாயம் வேகமாக ஊடுருவும். பிறகு பொறுமையாக விட்டுவைக்கிறார். சில சாயங்களுக்கு இரும்பு, படிகாரம் போன்ற உலோக உப்புகளைத் துணைக்குச் சேர்க்கிறார். கடைசியில் உலர்த்துகிறார்.

விருந்து வீட்டில் நாம் செய்வதையும் பாருங்கள். சாம்பாரோ காபியோ சூடாகவே விழுகிறது. விருந்தாளி முன்னால் துடைக்கச் சங்கடப்பட்டு இரவு வரை விட்டுவைக்கிறோம். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்து உள்ளே இறக்குகிறோம். மறுநாள் வெந்நீரில் ஊற வைக்கிறோம். அரைகுறையாகப் போன கறையை இஸ்திரிப்பெட்டியால் சுட்டு முடிக்கிறோம். கரூர்ப் பட்டறையில்கூட இவ்வளவு சிரத்தை இருக்குமா தெரியாது.

செய்யவேண்டியது இதற்கு நேர்மாறு. கெட்டியாக விழுந்ததைக் கரண்டி விளிம்பால் வழித்தெடுக்கவேண்டும். ஈரத்தைக் காய்ந்த துணியால் ஒற்றவேண்டும், தேய்க்கக் கூடாது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றினால் கறை பரவாது. பிறகு துணியைத் திருப்பி, கறைக்குப் பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை ஓடவிடவேண்டும். வந்த வழியே அது வெளியேறும். இதற்கெல்லாம் இரண்டு நிமிடம் ஆகும். விருந்தாளி தவறாக நினைக்கமாட்டார்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய வண்ணத் துணியை உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்பது பல வீடுகளில் அசைக்கமுடியாத நம்பிக்கை. நம்பிக்கையின் வேர் பட்டறையில் இருக்கிறது. தண்ணீரில் பருத்தியின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொள்கிறது; பருத்திச் சாயங்களில் பலவும் எதிர்மின்னேற்றம் உடையவை; ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளுவிசையை மட்டுப்படுத்திச் சாயத்தைத் துணியை நோக்கி ஓட்டுகிறது. அதற்காகப் பட்டறைகள் கொட்டுகிற உப்பின் அளவு கொஞ்சநஞ்சமல்ல. நொய்யல், அமராவதி ஆறுகள் பட்ட பாட்டில் அந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் உப்பு சாயத்தைப் பூட்டுவதில்லை. பூட்டுவது வேறு. 1956இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த சாயங்கள் செல்லுலோசோடு நேரடியாக வேதிப்பிணைப்பு கொண்டன. ராட்டி, ஸ்டீஃபன் இருவரின் கண்டுபிடிப்பு அது. இன்று கடையில் வாங்கும் நல்ல வண்ண மேசை விரிப்புகளில் பெரும்பாலும் அந்த வகைச் சாயங்கள்தான். அப்படிப் பூட்டிய சாயம் உப்பு இல்லாமலே நிற்கும். பூட்டாத சாயம் உப்புத் தண்ணீரில் சமர்த்தாக இருந்துவிட்டு அடுத்த சலவையில் மற்ற துணிகளின் மேல் இறங்கும். புதிய வண்ணத் துணியை முதல் இரண்டு சலவை தனியாகத் துவைப்பதுதான் வழி.

இனி எண்ணெய். தண்ணீரால் எண்ணெயைத் தொடமுடியாது. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சலவைத்தூளில் உள்ள பரப்பு இயங்கிகளுக்கு ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். அவை எண்ணெய்க்கும் இழைக்கும் நடுவே புகுந்து, பரவிக் கிடக்கும் எண்ணெய்ப் படலத்தைச் சுருட்டிச் சுருட்டி உருண்டையாக்கி, இழையிலிருந்து கழற்றித் தண்ணீரில் மிதக்கவிடுகின்றன. எண்ணெய்க் கறைக்கு மிதமான சூடு நல்லது. பருத்தியை விடப் பாலியெஸ்டருக்கு எண்ணெய் மீது பிரியம் அதிகம் என்பதால், பாலியெஸ்டர் கலந்த விரிப்பில் பஜ்ஜி எண்ணெய் பட்டால் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு துளி நேராகக் கறையின் மேல் விட்டு, கால்மணி நேரம் வைத்துவிட்டு அலசவேண்டும். அது எண்ணெய்க்கென்றே செய்தது.

எண்ணெய்க் கறையை நாள்பட விட்டால் நடப்பது இன்னொரு வேதியியல். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றில் நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் அதிகம். அவை காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாக இறுகும். ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் வண்ணம் குழைப்பது இதே குணத்துக்காகத்தான். தேங்காய் எண்ணெய்க் கறை அவ்வளவு சீக்கிரம் இறுகாது. அதில் நிறைவுற்ற கொழுப்பே மிகுதி. குத்துவிளக்கு அடியில் விரித்த துணியில் வருடக்கணக்காகப் பழுப்பேறி நிற்கும் வட்டம் எண்ணெய் என்ற நிலையைக் கடந்து வார்னிஷ் ஆகிவிட்ட ஒன்று. சாதாரணச் சலவைக்கு மசியாது. இந்த ஆக்சிஜனேற்றம் வெப்பத்தையும் வெளியிடும். எண்ணெய் முழுதும் போகாத உணவகத் துணிகளை இயந்திரத்தில் சூடாக உலர்த்தி, ஆறுமுன் குவித்து வைத்ததில் தானாகவே தீப்பற்றிய சம்பவங்கள் பல நாட்டுத் தீயணைப்புத் துறைகளுக்குத் தெரிந்த கதை. வீட்டில் அந்த அளவு நேராது. ஆனாலும் எண்ணெய்க் கறை இருக்கும்போது இஸ்திரி போடாதீர்கள்.

பால், முட்டை, தயிர், குழம்பில் கரைந்த பருப்பு ஆகியவை புரதம் உள்ளவை. சூடு பட்டால் முட்டை என்ன ஆகிறதோ அதுவே இழைக்குள்ளும் ஆகும்: புரதம் உருக்குலைந்து இறுகிக்கொள்ளும். முதல் அலசல் பச்சைத் தண்ணீரில்தான் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு நொதிகள் கலந்த சலவைத்தூள் உதவும். ஜெர்மனியின் ஓட்டோ ரோம் 1913இல் கணையத்திலிருந்து எடுத்த நொதிகளைத் துணி துவைக்கப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு அது பர்னஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் வயிற்றில் உணவைச் செரிக்கவைக்கும் பொருளைக் கொண்டு துணியில் சிந்திய உணவையும் செரிக்கவைக்கலாம் என்ற எண்ணத்தின் நேர்த்தி எனக்கு மிகவும் பிடிக்கும். இன்றைய சலவைத்தூள்களில் புரதத்தை வெட்டுவது ஒன்று, மாவுச்சத்தை வெட்டுவது ஒன்று, கொழுப்பை வெட்டுவது ஒன்று என்று நுண்ணுயிர்களில் வளர்த்த நொதிகள் சேர்க்கப்படுகின்றன. நொதிக்கு நேரம் வேண்டும். பத்து நிமிடத்தில் அலசி எடுத்தால் காசு கொடுத்து வாங்கிய நொதி வேலை தொடங்குமுன்னே சாக்கடைக்குப் போகும். கொதிக்கும் நீர் ஊற்றினால் நொதியும் புரதம்தானே, அதுவும் வெந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் என்பது நல்ல கணக்கு.

ஃபில்டர் காபி இந்த வகையில் தனி ஜாதி. கறுப்புக் காபி என்றால் வெறும் நிறமிகள். நம் காபியில் பாலின் புரதமும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே வரிசை முக்கியம். முதலில் பச்சைத் தண்ணீர். பிறகு நொதியுள்ள சலவைத்தூள். அதற்கும் மிஞ்சி நிற்கும் பழுப்பு நிறத்துக்கு மட்டும் வெளுப்பான். வரிசையைத் தலைகீழாக்கி வெந்நீரில் தொடங்கினால் பால் புரதம் நிறமியையும் பிடித்துக்கொண்டு இழையில் உட்கார்ந்துகொள்ளும்.

தேநீர், காபி, மாதுளைத் தோல், வாழைப்பால் எல்லாவற்றிலும் பாலிபீனால்கள் இருக்கின்றன. மேசையில் இலை போட்டுப் பரிமாறும் வீடுகளில் இலையின் நறுக்கிய முனையிலிருந்து கசியும் பால், விழும்போது நிறமே இல்லாமல் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. காற்றுப் பட்டதும் அதில் உள்ள நொதி பாலிபீனால்களை ஆக்சிஜனேற்றம் செய்ய, பழுப்பும் கறுப்புமாக ஒரு படலம் உருவாகி செல்லுலோசைப் பிடித்துக்கொள்கிறது. காரம் இந்த வேலையை விரைவுபடுத்தும். அதாவது வாழைக்கறைக்கு முதலில் சோப்புப் போடுவது அதை நிலைக்கவைப்பதற்கான சிறந்த வழி. ஈரமாக இருக்கும்போதே எலுமிச்சைச் சாறோ புளித்த மோரோ தடவி அலசினால் அமிலம் நொதியை அடக்கும், கறை இளகும். காய்ந்து கறுத்துவிட்ட வாழைக்கறை முழுதாகப் போகும் என்று யாராவது சொன்னால் அவர் ஏதோ விற்க வந்திருக்கிறார். வாழைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் அதற்கென்றே ஒரு பழைய சட்டையை ஒதுக்கிவைத்திருப்பது இந்த வேதியியலை அனுபவத்தில் அறிந்ததால்தான்.

இதோடு இரும்பு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கும்பகோணம் பக்கத்துக் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை கலம்காரி ஓவியர்கள் துணியைக் கடுக்காயில் தோய்த்து எடுத்து, துருவும் வெல்லமும் புளிக்கவைத்த நீரால் கோடு இழுப்பார்கள். கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்த இடம் அழியாக் கறுப்பாகும். தேநீர் சிந்திய விரிப்பைத் துருப்பிடித்த இரும்பு வாளியில் ஊறப்போட்டாலும், துரு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் அலசினாலும் அதே கலம்காரி வீட்டிலேயே நடக்கும். வெறும் துருக்கறை என்றால் எலுமிச்சையும் உப்பும் தடவி வெயிலில் வைக்கலாம். சிட்ரிக் அமிலம் இரும்பு அயனியைக் கவ்விக்கொண்டு கரையச் செய்யும். துருவின் மேல் பிளீச்சிங் பவுடரோ குளோரின் வெளுப்பானோ போடக் கூடாது. அது ஆக்சிஜனேற்றி, துரு என்பதே ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு. கறை இன்னும் அழுத்தமாகும்.

வெளுப்பதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பணக்கார வீடுகளின் மேசை விரிப்பு என்றால் லினன்தான். ஆளிவிதை தரும் அதே செடியின் தண்டுநாரில் நெய்தது. தறியிலிருந்து இறங்கும்போது அது சாக்கு நிறத்தில் இருக்கும். அதை வெள்ளையாக்குவதில் பேர்பெற்ற ஊர் நெதர்லாந்தின் ஹார்லெம். வெளிநாடுகளில் நெய்த துணிகூட அங்கே வெளுக்கப்பட்டு ஹாலந்து என்ற பெயரிலேயே விலைபோனது. மரச்சாம்பல் நீரில் வேகவைப்பார்கள். மோரில் ஊறவைப்பார்கள். புல்வெளியில் விரித்து நனைத்து நனைத்து வெயிலில் போடுவார்கள். மறுபடி சாம்பல் நீர். இப்படியே பல மாதங்கள். யாக்கோப் வான் ரைஸ்டால் 1670களில் வரைந்த ஹார்லெம் நிலக்காட்சிகளில், வானம் பாதிக்கு மேல் கவிந்திருக்க, கீழே வயல் நடுவே வெள்ளைக் கீற்றுகளாகக் கிடப்பவை இந்தத் துணிகள்தான். ஈரமும் வெயிலின் புற ஊதாக்கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து நிறப்பொருள்களை உடைத்தன. சாம்பலின் காரம் உடைந்ததைக் கரைத்தது. மோரின் அமிலம் மிஞ்சிய காரத்தையும் இரும்பு, சுண்ணாம்புப் படிவுகளையும் நீக்கியது. 1756இல் எடின்பரோவின் ஃபிரான்சிஸ் ஹோம் என்ற மருத்துவர், மோருக்குப் பதில் நீர்த்த கந்தக அமிலம் போதும் என்று காட்டினார். வாரக்கணக்கான வேலை ஒரு நாளுக்குள் சுருங்கியது. 1785இல் பெர்த்தோலே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் குளோரினின் வெளுக்கும் ஆற்றலை வெளியிட, 1799இல் கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை பெற்றார். புல்வெளிகள் மாடுகளுக்குத் திரும்பின.

நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவி வைத்ததும் இந்தக் குடும்பத்துக் கலைதான். உவர்மண்ணில் சோடா உப்புகள் இருக்கின்றன. தோய்த்த துணிமூட்டையின் ஊடே நீராவி ஏறும்போது, காரமும் சூடும் சேர்ந்து எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாகவே மாற்றிவிடும். பிறகு ஆற்று நீர், கல், மணல்மேட்டு வெயில். லினனும் பருத்தியும் இந்த அடியைத் தாங்கியதற்குக் காரணம் உண்டு. நனைந்தால் இவற்றின் வலு கூடும். பருத்தி நூல் காய்ந்திருப்பதை விட ஈரத்தில் பத்து முதல் இருபது சதவீதம் வரை வலுவானது. ரேயான் எனப்படும் விஸ்கோஸ் இதற்கு எதிர். ஈரத்தில் பாதி வலுவை இழக்கும். மேசை நடுவே போடும் பளபளப்பான ரன்னர்கள் பல விஸ்கோஸ் கலந்தவை. அவற்றை முறுக்கிப் பிழியாதீர்கள்.

குளோரின் வெளுப்பானைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. நிறமியை உடைப்பதோடு அது நிற்காது. செல்லுலோஸ் சங்கிலியையும் வெட்டும். காரநிலையில் மெதுவாக, நடுநிலைக்கு வரும்போது வேகமாக. ஒழுங்காக அலசாமல் காயவைத்த வெள்ளைத் துணி சில மாதங்களில் மடிப்பில் கிழிவது இதனால்தான். அமிலம் கலந்த கழிவறைச் சுத்திகரிப்பானோடோ வினிகரோடோ சேர்த்தால் நச்சுக் குளோரின் வாயு வரும் என்பதை மட்டும் மறக்கவே கூடாது. மேசை விரிப்புக்கு ஏற்றது ஆக்சிஜன் வெளுப்பான். சோடியம் பெர்கார்பனேட் என்ற வெள்ளைத் தூள் தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவை சோடாவாகவும் பிரியும். 40 முதல் 60 டிகிரி வெந்நீரில் நன்றாக வேலை செய்யும். காரத்தன்மை உள்ளது என்பதால் மஞ்சள் கறை முதலில் சிவந்துதான் பிறகு வெளுக்கும். நடுவில் பயந்துபோய் எடுத்துவிடவேண்டாம்.

வெள்ளைத் துணி பழுப்பேறக் கறை மட்டும் காரணமில்லை. கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக இழையில் படியும். ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகளில் கட்டிச் சோப்பை விடச் சலவைத்தூள் மேல். அதையும் அளவோடு போடவேண்டும். நுரை அதிகம் என்றால் சுத்தம் அதிகம் என்று பொருளில்லை. அலசிப் போகாத தூளே அடுத்த அழுக்கைப் பிடித்துவைக்கும்.

பழுப்பை மறைக்க நீலம். மஞ்சளுக்கு எதிர்நிறம் நீலம். இரண்டும் சேர்ந்தால் மெல்லிய சாம்பல் சாயல் வரும். துணியிலிருந்து திரும்பும் ஒளியின் மொத்த அளவு உண்மையில் குறைகிறது. கண்ணோ அதைக் கூடுதல் வெள்ளை என்று ஏற்றுக்கொள்கிறது. ஆப்கானிஸ்தானத்து ராஜவர்த்தக் கல்லை அரைத்து எடுத்த அல்ட்ராமரின் நீலம் ஓவியர்களுக்கே எட்டாத விலையில் இருந்தது. அதைச் செயற்கையாகச் செய்பவருக்கு 6,000 ஃபிராங்க் பரிசு என்று 1824இல் பிரான்சில் அறிவிப்பு வந்தது. 1828இல் கிமே என்பவர் அதை வென்றார். அதன் பின்னரே சலவைக்கெல்லாம் போடும் அளவுக்கு நீலம் மலிந்தது. இந்த நீலத்தூள் தண்ணீரில் கரையாது, மிதக்க மட்டுமே செய்யும். துணிப் பொட்டலத்தில் கட்டிக் கலக்காவிட்டால் திட்டுத் திட்டாகப் பிடிப்பது அதனால்தான். அமிலத்தில் அது சிதைந்து நிறமிழக்கும். எனவே தூள் நீலம் அதிகமாகிவிட்டால் வினிகர் கலந்த நீரில் ஊறவைக்கலாம். சொட்டு நீலம் வேறு சாயம், அதற்கு இந்த வைத்தியம் பலிக்காது.

1929இல் ஜெர்மனியின் பால் கிரைஸ் என்பவர் குதிரைச் செஸ்நட் மரச்சாற்றில் துணியை நனைத்தபோது அது கூடுதல் வெண்மையாகத் தெரிந்தது. அந்தச் சாற்றில் உள்ள எஸ்குலின், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக உமிழ்கிறது. நீலத்தூள் ஒளியைக் குறைத்து ஏமாற்றியது என்றால், இது ஒளியைக் கூட்டி ஏமாற்றுகிறது. இன்றைய சலவைத்தூள்களில் இதன் செயற்கை வாரிசுகள் இருக்கின்றன. இயற்கையான வெளிர்பழுப்பு நிறத்துக்காகவே விலை கொடுத்து வாங்கிய லினன் விரிப்பை இத்தகைய தூளில் துவைத்தால் ஆங்காங்கே நீலவெள்ளை பூத்துத் திட்டாகிவிடும். அதற்கு வெண்மையூட்டி இல்லாத திரவச் சலவைப்பொருளே சரி.

நாப்கினுக்குக் கடைசி அலசலில் மென்மையாக்கி ஊற்றுவது அர்த்தமில்லாத காரியம். அதில் இருப்பது நேர்மின்னேற்றம் கொண்ட கொழுப்புவகைப் பொருள். இழையின் மேல் வழுவழுப்பான படலமாகப் படிந்து தண்ணீரைத் தள்ளும். ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே வாங்கிய துணியை உறிஞ்சாமல் செய்ய எதற்குச் செலவு? சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும், லினன் 12 சதவீதம் வரை. பாலியெஸ்டரிடம் அரை சதவீதம்கூட இராது. பாலியெஸ்டர் நாப்கினால் வாயைத் துடைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு உதட்டிலேயே தெரிந்திருக்கும்.

இஸ்திரிக்கு ஈரம் அவசியம். செல்லுலோஸ் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தண்ணீர் தளர்த்துகிறது. சுருங்கிய நிலையில் காய்ந்தால் சுருக்கத்திலேயே பிணைப்புகள் மறுபடி உருவாகும். ஈரத்தோடு நிமிர்த்திச் சூட்டால் உலர்த்தினால் நிமிர்ந்தபடி உருவாகும். அதிலும் லினன் விறைத்த இழை. முழுதும் காய்ந்தபின் எவ்வளவு அழுத்தினாலும் கேட்காது, கொடியிலிருந்து அரைஈரத்தில் எடுத்துவிடவேண்டும். துணியின் சீட்டில் இஸ்திரிப்பெட்டிப் படத்தில் மூன்று புள்ளிகள் இருந்தால் 200 டிகிரி வரை தாங்கும். பருத்தி, லினன் இரண்டும் அந்த வகை. பாலியெஸ்டர் கலப்புக்கு இரண்டு புள்ளி, 150 டிகிரி.

கஞ்சி போடுவது விறைப்புக்கு மட்டும் என்று நினைக்கிறோம். சூட்டில் மாவுச்சத்து மணிகள் வீங்கி உடைந்து, காய்ந்ததும் இழையின் மேல் மெல்லிய படலமாகிறது. அடுத்த விருந்தில் சிந்துவது அந்தப் படலத்தின் மேல் சிந்துகிறது. துவைக்கும்போது கஞ்சியோடு சேர்ந்து அதுவும் போய்விடுகிறது. கறை புகாத பூச்சு என்று இன்று விற்கப்படுவதன் எளிய முன்னோடி சோற்றுக்கஞ்சி. ஆனால் அதை விரிக்கும் நாளுக்கு முன்பு போடவேண்டும், அலமாரியில் வைப்பதற்கு முன்பு போடக் கூடாது. கஞ்சித் துணி ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. அந்துருண்டை வைத்திருக்கிறோமே என்பார்கள். அது கம்பளியையும் பட்டையும் தின்னும் அந்துப்பூச்சிப் புழுவுக்கானது. பருத்தியில் அதற்கு இரையே இல்லை. நாஃப்தலீன் உருண்டைகளின் ஆவி சில மரபுக் குறைபாடுகள் உள்ள கைக்குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் அளவு ஆபத்தானது என்பதால், சாப்பாட்டு மேசைத் துணியின் நடுவே அதைப் போடாமல் இருப்பதே நல்லது.

கறை ஏதும் இல்லை, ஒருமுறைதான் விரித்தோம் என்று துவைக்காமல் மடித்து வைத்த துணிதான் அடுத்த பொங்கலுக்கு எடுக்கும்போது பழுப்புப் புள்ளிகளோடு வருகிறது. எலுமிச்சைச் சாறு, சோடா, இளநீர் எதுவும் காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது. அவற்றின் சர்க்கரை இழையிலேயே இருந்து மாதக்கணக்கில் மெல்லப் பழுப்பாகும். இஸ்திரிச் சூடு பட்டால் உடனே பழுப்பாகும். விரித்த துணி எதுவானாலும் துவைத்து, கஞ்சி இல்லாமல், நன்றாக உலர்த்தி வைக்கவேண்டும். எப்போதும் ஒரே கோட்டில் மடித்தால் அந்தக் கோட்டில் இழைகள் முறிந்து நைந்துபோகும். வருடத்துக்கு இரண்டுமுறை எடுத்து மடிப்பை மாற்றலாம், அல்லது பழைய அட்டைக் குழலில் பருத்தித் துணி சுற்றி அதன் மேல் விரிப்பைச் சுருட்டிவைக்கலாம். பழுப்புப் புள்ளி விழுந்துவிட்ட வெள்ளைத் துணி என்றால் பெர்கார்பனேட் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பாருங்கள், பெரும்பாலும் திரும்பிவிடும். சரிகையோ பட்டு வேலைப்பாடோ உள்ளதென்றால் மட்டும் இந்தப் பரிசோதனை வேண்டாம்.